வாடிப்பட்டி ஜெயித்த புட்பால் ஆட்டம்

ஒரு புட்பால் டீம் முழுக்க முழுக்க ஒரே ஆளின் சொத்தாக இருக்க முடியுமா என்று பார்க்கத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ஒரு தை மாதம் மதுரைக்குப் போனேன். திருச்சியில் எங்கள் டீம் சந்தா கேட்டுக் கேட்டே நொடிந்துபோயிருந்தது. மதுரையிலோ ஒரு பஞ்சாலை முதலாளி பந்து, பூட்ஸ், ஆட்டக்காரர்களுக்கு ஆலையில் வேலை என்று எல்லாவற்றையும் தன் செலவில் நடத்துவதாகக் கேள்வி. அந்த டீம் தோற்பதே இல்லையாம். அது எப்படி என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் போன அன்று அவர்களுக்கு வாடிப்பட்டியில் ஆட்டம். பதினாறு மைல், பஸ் கட்டணம் மூன்று அணா. மதியம் ஒரு மணி பஸ் என்றார்கள். ஆள் நிறைந்த பிறகுதான் அது நகர்ந்தது. சமயநல்லூரில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது டிரைவரின் வாயைக் கிளறினேன்.

"முதலாளிக்குக் கோவம் வந்தா டீமே கெடையாதுண்ணே. போன வருசம் கேப்டன் எதுத்துப் பேசிட்டாருன்னு பந்த பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. அந்த வருசம் ஆட்டமே இல்ல."

"வாடிப்பட்டி டீமுக்கு முதலாளி யார்?"

"ஊருதான். அறுப்புக்கு வீட்டுக்கு ஒரு மரக்கா நெல்லு. வெளையலேன்னா பழைய பந்தையே ஒட்டுப்போட்டு ஆடுவாங்க."

முதலாளி ஆள் பிடிக்கும் விதத்தையும் டிரைவரே சொன்னார். ஒரு பையனின் ஆட்டம் பிடித்துவிட்டால், பெண்ணுக்கு நிச்சயம் செய்வதுபோலத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு புது ஜெர்சி வைத்துப் பையனின் அப்பாவிடம் நீட்டுவாராம். அவர் வாங்கிக்கொண்டால் பையன் ஆலைக்கும் டீமுக்கும் சொந்தம். வாடிப்பட்டியில் ஏற்கெனவே மூன்று பேர் அப்படிப் போய்விட்டார்கள்.

கண்மாய்க்கரை மைதானத்தில் முதலாளியின் கார் நின்றது. கூச்சப்படாமல் எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் துணி மூடிய தாம்பாளம் இருந்தது. இந்த முறை காதருக்காம். காதர் வாடிப்பட்டியின் சென்டர் பார்வர்டு, மிஷன் பள்ளியில் ஆடப் பழகியவன். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

வாடிப்பட்டி கேப்டன் ஒரு வாத்தியார். ஆட்டத்துக்கு முன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "காதரும் போயிட்டா டீமக் கலைக்க வேண்டியதுதான் சார். அவன் இன்னைக்குச் சொதப்புனா தட்டு திரும்பிப் போயிரும்."

"சொதப்பச் சொன்னீர்களா?"

"அத எந்த வாயால சொல்றது?"

காதரின் அத்தா மளிகைக்கடைக்காரர். கூட்டத்தில் என் பக்கத்தில்தான் நின்றார். "கடையில அம்புட்டு வரும்படி இல்ல தம்பி. ஆலையில மாசம் பொறந்தாச் சம்பளம். அவன் நல்லா ஆடணும்னு துவா செஞ்சுட்டு வாரேன்" என்றார். கேப்டன் சொன்னது, அத்தா சொன்னது இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் பட்டன.

மதுரைக்காரர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். வாடிப்பட்டிக்காரர்கள் வெறுங்கால். பொழுது சாயும்வரை கோலே விழவில்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது காதருக்குப் பந்து கிடைத்தது. மறித்த இரண்டு பேரும் பழைய வாடிப்பட்டிப் பையன்கள். இருவரையும் தாண்டிப் போனவன் கோல்கீப்பருக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். வெளியே தட்டிவிடுவானோ என்று நினைத்தேன். உள்ளே அடித்தான்.

ஊரே துண்டைச் சுழற்றியது. நானும் வெட்கமில்லாமல் குதித்தேன். சற்று நேரத்தில் கார்க் கதவு திறந்தது. முதலாளியின் கணக்குப்பிள்ளை தாம்பாளத்தோடு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். சுழன்ற துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோளுக்குத் திரும்பின. அத்தா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தை வாங்கினார். வியர்வையோடு காதர் ஜெர்சியை மாட்டினான். மடங்கியிருந்த காலரைக் கேப்டன்தான் நிமிர்த்திவிட்டார்.

பணம் இருக்கும் டீம் ஏன் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது என்ற என் கேள்விக்கு, அது தோற்ற ஒரு நாளில்தான் பதில் கிடைத்தது. தன்னைத் தோற்கடித்தவனையே அது கையோடு கூட்டிப் போய்விடுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: மதுரைக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. மைதானத்தில் நிழல் இல்லை, குடை வேண்டும். முக்கியமாக, அந்த வெற்றிக்காக வாடிப்பட்டியில் யாரையும் பாராட்டிவிடாதீர்கள். நான் புத்தியில்லாமல் கேப்டனிடம் கை குலுக்கப் போய்விட்டேன்.

"பேசாம தோத்திருக்கலாம் சார்" என்றார்.