கசிவுப் படம்

இது ராத்திரியில் நடக்கவில்லை. மத்தியானம் இரண்டேகாலுக்கு, எல்லா விளக்கும் எரியும்போது நடந்தது. நான் குடிப்பவனில்லை. பன்னிரண்டு வருஷமாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவன். இதை எழுதுகிறேன். பயத்தால் அல்ல, கோபத்தால்.

அவர் கணக்கு டீச்சர். லூபஸ் நோயாளி. லூபஸ் என்றால், உடம்பைக் காக்க வேண்டிய படையே உடம்பைத் தாக்குவது. மூன்று வாரம் முன்பு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, பதினேழாம் வாய்ப்பாடு ஏழுக்கு மேல வரல. பசங்க கை தட்டுறாங்க."

சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது! மூளையின் ரத்தக் குழாய்களுக்கு மிக நெருக்கமான சுவர் உண்டு. கண்டதையெல்லாம் உள்ளே விடாது. லூபஸ் அந்தச் சுவரைத் தளர்த்தலாம். குளியலறைச் சுவரில் கசிவு இருக்கிறதா என்று ஒரே ஒரு போட்டோ எடுத்துச் சொல்ல முடியுமா? தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் இதுவும். கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி, இருபது நிமிஷம் விடாமல் படம் எடுக்க வேண்டும். மருந்து கசியும் இடம் மெல்ல மெல்ல வெளுக்கும்.

அந்த ஸ்கேனுக்குத்தான் இரண்டேகால் மணி கொடுத்திருந்தேன். காலை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

"படம் சுத்தமா இருக்கு. மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட அனுப்பு."

நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் குற்றம். டீச்சருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றேன்.

"புடவைகூட மாத்திட்டு ரெடியா உக்காந்திருக்கேனே, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார்.

2.15. நேரம் சும்மா கிடந்ததால் இயந்திரத்தைச் சோதிக்க நினைத்தேன். அதற்கென்று திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை உண்டு. ஸ்கேன் மேஜையில் வைத்து உள்ளே தள்ளினேன். கதவைச் சாத்தினேன். இரண்டு நிமிஷச் சோதனை.

நிற்கவில்லை.

டக்... டக்... டக்... சத்தம் மாறியது. கசிவு ஸ்கேனின் சத்தம். நான் அதைத் தொடங்கவே இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.

2.21. மருந்து பம்ப் தானாக ஓடியது. மூன்று மணி நோயாளிக்காக அதில் பதினைந்து மில்லி ஏற்றி வைத்திருந்தேன். குழாயின் முனை அந்தரத்தில் தொங்கியது.

2.24. மணி அடித்தது. நோயாளி கையில் கொடுப்போமே, பயந்தால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் குமிழ்... அந்த மணி.

கண்ணாடி வழியே பார்த்தேன். குமிழ் மேஜை மேல் கிடந்தது. நசுங்கியிருந்தது.

ஒலிபெருக்கியில் மெல்லிய குரல்.

"பதினேழு... முப்பத்திநாலு... ஐம்பத்தொண்ணு..."

திரையில் உருண்டை இல்லை. மூளை இருந்தது. மடிப்பு மடிப்பாக.

"...நூத்திரண்டு... நூத்திப்பத்தொம்பது..."

நினைவு தங்கும் இடத்தில், காதுக்கு உள்பக்கமாக, ஒரு வெண்மை. பரவியது.

"அதுக்கப்புறம்... என்ன தம்பி?"

"நூத்தி முப்பத்தாறு!" கத்திவிட்டேன்.



2.41. இயந்திரம் நின்றது.

உள்ளே போனேன். உருண்டை மட்டும்தான். பம்பில் 9.6 மில்லி குறைந்திருந்தது. தரை ஈரமில்லை. ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லி என்பது கணக்கு. டீச்சரின் எடை நாற்பத்தெட்டு.

படத்தைப் பெரிய டாக்டர் மேஜையில் போட்டேன். மூலையில் தானாக விழுந்திருந்த டீச்சரின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"அடேயப்பா, இப்படிக் கசியுதே! இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும். யாருப்பா இது?"

கையை எடுத்தேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "மெஷின் கோளாறு. அழிச்சிடு."

அழிக்கவில்லை. டீச்சருக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

நான்கு நாள் கழித்து அவருடைய அண்ணன் வந்தார். நேராக என் சட்டையைப் பிடித்தார்.

"ஊசி குத்தினீங்கல்ல? படம் எங்கடா?"

"அவங்க அன்னைக்கு இங்க வரவே இல்லைங்க..."

"எப்படி வருவா? மத்தியானம் ஒண்ணு பத்துக்கே வலிப்பு வந்து, நாற்காலியிலயே போயிட்டா. நான் பக்கத்துலயே இருந்தேன். அப்போ கையில ஒண்ணும் இல்ல. சாயங்காலம் குளிப்பாட்டும்போது இது இருந்துச்சு."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு டேப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒட்டியிருந்த பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம்.

ஊசி போட்டதும் டேப்பின் மேல் நேரம் எழுதுவது என் பழக்கம். ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவேன். எங்கள் பிரிவில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

டேப்பில், என் கையெழுத்தில்: 2.17.

ஏழில் கோடு இருந்தது.