ஆறு வடிவதற்குள்

காற்றடைத்து மிதக்கவிடும் கயாக் படகு ஒன்றை வாங்கியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆலங்காயத்தில் பள்ளி ஆசிரியர் வேலை. விடுமுறை நாட்களில் புதூர்நாட்டுப் பக்கம் பைக்கில் சுற்றுவேன். அங்கே ஒரு காட்டாறு சமதரைக்கு வந்ததும் வேகம் குறைந்து, கோரையும் நாணலும் மண்டிய சதுப்புக்குள் பரவி, கடைசியில் ஓர் ஏரியில் சேரும். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு மாதம்தான் அதில் படகு மிதக்கும். மனைவியோடு காலையில் இறங்கி மாலையில் ஏரிக்கரை ஏறுவது என் திட்டம். வனத்துறையில் அனுமதியும் கேட்டு வாங்கிவிட்டேன்.

நோட்டில் படம் வரைந்து மனைவியிடம் காட்டினேன். எங்கே சாப்பிடுவது, எங்கே நின்று பறவை பார்ப்பது எல்லாம் அதில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, நடுவுல போதும்னு தோணுச்சுன்னா எங்க எறங்குறது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்றதாவது ஞாபகம் இருக்கா?"

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்கலாமே."

"ஜாக்கெட் போட்டா மெதப்பேன். பயம் போவுமா?"

அடுத்த ஞாயிறு இருவரும் கரையோரமாக நடந்தே போனோம். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், தண்ணியவே பாத்துக்கினு போறீங்க?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, கூடவே நடந்து வந்து மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இரண்டு துறைகளைக் காட்டினார். "மாடு எறங்குற எடத்துல அடி கெட்டியா இருக்கும். மத்த எடத்துல கால் வெச்சா தொடை வரைக்கும் சேறு." பிறகு என் மனைவியிடம், "நீச்சல் தெரியாதா? எங்க கெணத்துக்கு வாங்கம்மா, நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில், முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டு, என் மனைவி கிணற்றில் இறங்கினாள். முதல் இரண்டு வாரம் படியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. நான் மேலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆற்றைப் பார்க்கப் போவேன். நடுவில் இருந்த பாறை வாரத்துக்கு ஒரு சாண் வெளியே தெரிந்துகொண்டே வந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. நான்காம் வாரம் வாய்விட்டே கேட்டேன்.

"இந்த வருஷம் நான் மட்டும் போய்ட்டு வர்றேனே? அடுத்த வருஷம் சேர்ந்து போலாம்."

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "போங்க" என்றாள். கோபமே இல்லாத குரல். அந்தக் குரலுக்குப் பிறகு எனக்குத் தனியாகப் போக மனசு வரவில்லை. எனக்காகத்தான் அவள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதே அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் கேன் இல்லாமல் கிணற்றின் குறுக்கே நீந்தினாள். கொல்லைக்காரப் பெண் தண்ணீரில் நின்றபடியே கைதட்டினார்.

மார்கழிக் கடைசியில் கிளம்பினோம். பல இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்தான். படகு தரை தட்டும்போதெல்லாம் முதலில் துடுப்பால் அடியைக் குத்திப் பார்த்துவிட்டு அவள்தான் இறங்கித் தள்ளினாள். நாணலுக்குள்ளிருந்து ஒரு செந்நாரை எழுந்து, தலைக்கு மேல் சோம்பலாகச் சிறகடித்துப் போனது. அது மறையும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்தோம். மதியத்துக்குள் முதல் மாட்டுத்துறையைத்தான் எட்டினோம். அதற்கப்பால் வெறும் சேறு.

"ஏரிக்குப் போக முடியாது போல" என்றேன்.

"அதனால இன்னா? சாப்பிடலாம், வாங்க."

தயிர்சோறு சாப்பிட்டோம். துறையை ஒட்டி ஆழமான மடு ஒன்று இருந்தது. அவள் அதில் இறங்கி நெடுநேரம் நீந்தினாள். நான் கரையில் உட்கார்ந்து, படகின் காற்றை இறக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஷேர் ஜீப் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுருட்டிய படகில் தலைவைத்து அவள் நன்றாகத் தூங்கிப்போனாள்.