ஏலம் விட்ட எழுத்துகள்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்று படாளத்திலிருந்து வந்த கார்டில் நாலே வரி இருந்தது. மூன்று நாள் ஜுரமாம். கார்டு என் கைக்கு வருவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் சீக்கிரம் வருவதில்லை.

திருவிடந்தைக்குத் தெற்கே எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது டீச்சரும் நானும் இருவர்தான். நான் தலைமை ஆசிரியர். முதல் இரண்டு வகுப்பும் அவர் பொறுப்பு. பாதிப் பிள்ளைகளிடம் பலகை கிடையாது. அதனால் கரையில் பெரிய கிளிஞ்சல்களாகப் பொறுக்கி, ரோடு போடுகிறவர்களிடம் கொஞ்சம் தார் கேட்டு வாங்கி, கிளிஞ்சலுக்கு ஓர் எழுத்தாக எழுதி ஒரு கோணி நிறைய வைத்திருந்தார்.

கரையில் மீனைக் கூறு கட்டி ஏலம் விடுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். டீச்சரும் எழுத்துகளைக் கூறு கூறாகக் கொட்டி ஏலம் விடுவார். ஒரு கூறிலிருந்து எத்தனை வார்த்தை சேர்க்க முடியும் என்பதுதான் கேள்வி. ஒருத்தி நாலு என்பாள். இன்னொருவன் ஆறு என்பான். அதிகம் கேட்டவன் அத்தனையும் சேர்த்து, பொருளும் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூறு கைமாறிவிடும். மீன் மார்க்கெட் கெட்டது போங்கள் என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். "கத்தாத வார்த்த வாயில நிக்காது சார்" என்றார், நிதானமாக.

என் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கும் காது அந்தப் பக்கம்தான். ஒருநாள் ஒரு தாய் மீன்கூடையோடு வந்து நின்றாள். "மூணாப்புல போட்ட எம் பொண்ண மறுபடி டீச்சராண்டயே வுட்டுடு சார், உங்கிட்ட அது தூங்கிகினு கீது" என்றாள். இருபது வருஷ சர்வீஸ்காரனுக்கு இது சுருக்கென்று தைத்தது.

அந்த வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் டீச்சருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அவருடைய அப்பா பக்கத்து ஊரில் படுத்த படுக்கை. அவரை விட்டு நகர முடியாது. இன்ஸ்பெக்டர் வருமுன் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவது எங்கள் வழக்கம். கையில் சுண்ணாம்பு இல்லை. கிளிஞ்சல் கொடுத்தால் சுண்ணாம்பு தருகிறேன் என்றார், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய்க்காரர். சனிக்கிழமை, டீச்சர் வராத நேரத்தில், மூலையில் இருந்த கோணியைக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் கோணியைத் தேடினார். வெறும் கிளிஞ்சல் என்று நினைத்துத் தெரியாமல் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். ஆனால் இன்ஸ்பெக்டர் மறுநாளே வந்துவிட்டார். இரவல் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் விழித்தன. கட்டடம் சுத்தம், முதல் இரண்டு வகுப்பும் மிக மோசம் என்று அவர் எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

வேலை நிரந்தரமாகவில்லை. படாளத்தில் ஒரு தற்காலிக இடம் கிடைத்து, அப்பாவை மாட்டுவண்டியில் கிடத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் பெரியவர் முனகியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். போன வருஷம் செங்கல்பட்டில் ஆசிரியர் கூட்டத்தில் பார்த்தபோது டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். படாளத்தில் புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். என் முகம் எப்படி இருந்ததோ, அவராகவே சொன்னார்: "அதயே நெனச்சிகினு இருக்காதீங்க சார். தெரியாம செஞ்சதுக்கு யாரு இன்னா பண்ண முடியும்?" நான் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கோணியைத் தூக்கியபோது அதன் வாய் கட்டாமல் இருந்தது. எழுத்துகளைப் பார்த்தேன். ஒன்றிரண்டைப் படிக்கவும் படித்தேன். அதற்குப் பிறகுதான் காளவாய்க்காரரின் வண்டியில் ஏற்றினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மன்னிப்பு ஒன்றுதான். அதையும் தெரியாமல் செய்த ஒருவனுக்குத்தான் அவர் கொடுத்தார். அவன் நானில்லை.