ஜிப் அக்காவும் அணையாத நீல விளக்கும்

இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கணினியில் அவரைப் பற்றிய குறிப்பு இது: ‘வாடிக்கையாளர்: பெண், மூத்தவர். தொழில்: இல்லை. பயன்பாடு: பொழுதுபோக்கு மட்டும். தொழில்நுட்ப அறிவு: இல்லை. சீக்கிரம் பதறக்கூடியவர்; மெதுவாகப் பேசவும்.’

விவரம் கொடுத்தவர் கணவர். தொழில் என்ன என்று கேட்டதற்கு, “வீட்டுலதான் இருக்காங்க” என்று உண்மையைத்தான் சொன்னார். வீட்டில்தான் இருந்தார், விடிந்ததிலிருந்து ஊசிக்கண் தெரிகிற வரைக்கும், தையல் மிஷினுக்கு முன்னால். பதறுவது கணவரின் துறை. அதையும் மனைவி பெயரில் எழுதவைத்துவிட்டார். தன்னிடம் இருப்பதை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது அவர் சுபாவம். வீட்டில் அவருக்கு வள்ளல் என்று பெயர். வைத்தது மனைவி, அன்பினால் மட்டுமல்ல.

மனைவியைத் தெருவில் ஜிப் அக்கா என்பார்கள். அறுந்த ஜிப், நீண்டுபோன கால்சட்டை, இடுப்பில் பிடிக்கிற கவுன் என்று, யாரோ வெட்டியதைக் குறைப்பதும் கூட்டுவதுமாகவே அவர் காலம் ஓடியது. தானாக ஒன்றை முதலிலிருந்து வெட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் அளவு குறையாமல் அப்படியே இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் லேப்டாப்பில் பேட்டர்ன் வரையக் கற்றுக்கொண்டார். துணிமேல் வைத்து வெட்டுவதற்கான காகித வடிவம் அது. பல தாள்களில் அச்சடித்து ஒட்டிச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியக் குழுவுக்குப் புதுக் கோட்டு வேண்டும் என்றதும், அக்கா வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டி வேலையை வாங்கிவிட்டார்.

துணி வெட்டும் பட்டறையில் பெரிய மேஜை இன்று மாலை மட்டும்தான் காலி. நாலு மணிக்குக் கட்டிங் மாஸ்டர் வந்து பேட்டர்னை எடுத்துப் போவார். பேட்டர்ன் தயாராக இருந்தால் அது அக்கா வரைந்த கோட்டு. இல்லாவிட்டால் வேலை முனையிலிருக்கும் பெரிய தையல்கடைக்குப் போகும். அக்காவுக்கு ஜிப் வைக்கிற பங்கு வேண்டுமானால் மிஞ்சும்.

காலையில் அச்சடிக்கும் பொத்தானைத் தட்டினார். ‘பிரிண்டர் இணைப்பில் இல்லை’ என்றது லேப்டாப். பிரிண்டரோ நெற்றியில் நீல விளக்கை ஆடாமல் அசையாமல் எரியவிட்டு, இணைப்பில்தான் இருக்கிறேன் என்றது. இரண்டும் ஒரே மேஜையில், பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அக்கா இரண்டையும் அணைத்துப் போட்டார். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். லேப்டாப்பிலிருந்து பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கப் பார்த்தார். அப்படி ஒன்று இந்த வீட்டிலேயே இல்லை என்று லேப்டாப் கைவிரித்தது. வைஃபை பெட்டி புதுசு. போன வாரம்தான் ஆள் வந்து மாட்டி, லேப்டாப்பில் பழைய இணைப்பின் பெயரை அழித்துப் புதியதைப் போட்டுவிட்டுப் போனார். பிரிண்டரை அன்று யாரும் தொடவில்லை.

“ஒயர் இருந்துச்சே, அதை மாட்டினா வேலை முடிஞ்சுது” என்றார் அக்கா.

வள்ளல் செய்தித்தாளைச் சற்று உயர்த்திக்கொண்டார். “அதை மச்சானுக்குக் குடுத்துட்டேன். சும்மாதானே கெடந்துச்சு.”

“நானும் ஒரு நாள் சும்மா உக்காந்திருந்தா என்னையும் குடுத்துடுவீங்க போல.”

“அதுக்கு நீ எங்கம்மா உக்கார்ற? சரி, ஜெராக்ஸ் கடையில போய்ப் பிரிண்ட் எடுத்துக்கயேன்.”

“போன தடவை எடுத்தோமே. தாளுக்குள்ள அடங்கட்டும்னு சுருக்கி எடுத்துக் குடுத்தான். அந்த அளவு யாருக்குச் சரியா இருந்துச்சு? நம்ம பூனைக்கு!”

இணைய நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் குறிப்பைப் படித்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் ஆரம்பித்தார்.

“மேடம்... பதறாதீங்க... பிரிண்டர்ல... நீல லைட்... எரியுதா?”

“எரியுது தம்பி. நீங்க கொஞ்சம் வேகமாவே பேசலாம், துணி காத்துக்கிட்டிருக்கு.”

“மின்னுதா, அப்படியே நிக்குதா?”

“அப்படியே நிக்குது.”

“அப்போ பிரிண்டர் கனெக்ட் ஆயிருக்கு மேடம். அதைத் தொடாதீங்க. பிரச்சனை லேப்டாப்லதான்.”

“லேப்டாப்ல நெட் நல்லா வருதே.”

“அப்போ லேப்டாப்லயும் பிரச்சனை இல்ல மேடம்.”

ஆக, எதிலும் பிரச்சனை இல்லை. அச்சு மட்டும் வரவில்லை. அக்கா நன்றி சொல்லி வைத்தார். பிரிண்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, தப்பாகத் தைத்த சட்டைக்கையை மிரட்டுகிற பார்வையோடு உட்கார்ந்தார். ஜெயிக்காமல் எழுந்திருப்பதாக உத்தேசம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேல்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலைக்குக் கிளம்பும்போது வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவார். இன்றும் திமுதிமுவென்று இறங்கிப் போனார்.

பிரிண்டரின் நீல விளக்கு மின்ன ஆரம்பித்தது.

“ஏம்மா!” கூடத்திலிருந்து வள்ளல் பதறினார். “என் போன்ல நெட் போயிடுச்சு!”

அக்கா லேப்டாப்பைப் பார்த்தார். அதில் நெட் இருந்தது. கூடத்தைப் பார்த்தார். புதுப் பெட்டி நன்றாகத்தான் எரிந்தது. கடைசியாக, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

“என்னங்க... பழைய வைஃபை பெட்டி எங்கே?”

வள்ளல் அறை வாசலில் வந்து நின்றார். “மேல்வீட்டு டிரைவர் பெட்டி கெட்டுப்போச்சுன்னாரு. பாவமா இருந்துச்சு. பாஸ்வேர்டு கூட மாத்த வேணாம், அப்படியே போட்டுக்கங்கன்னு...”

அக்கா சிரித்துவிட்டார். பிரிண்டர் பொய் சொல்லவில்லை. பழைய பெட்டி மாடிக்குக் குடிபோனது தெரியாமல், அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு, இத்தனை நாளும் மேல்வீட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வள்ளலின் போனும் ஒரு வாரமாக மேல்வீட்டுச் செலவில்தான் செய்தி படித்தது. விளக்கு எரிகிறவரை எல்லாம் சரி என்றார்கள். அது தடுமாறியதுதான் அன்றைக்கு வந்த முதல் நல்ல சேதி.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது எப்படிம்மா? அசிங்கமா இருக்குமே.”

“ஒண்ணும் கேக்க வேணாம். ஸ்டூலைப் போட்டு ஏறுங்க. அலமாரி மேல புதுப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு பொத்தான் இருக்கும். நான் சொல்றப்ப அமுக்குங்க.”

இரண்டு பக்கமும் அடுத்தடுத்து அமுக்கினால் பிரிண்டரும் பெட்டியும் தாமாகவே கைகோத்துக்கொள்ளும். அக்கா பிரிண்டரின் பொத்தானை விளக்கு படபடக்கும் வரை பிடித்தார்.

“அமுக்குங்க!”

“எதை?”

“பொத்தானை!”

“ரெண்டு இருக்கே!”

“பெருசை விடுங்க, அது அணைக்கறது. சின்னது!”

“அமுக்கிட்டேன்... பெருசைத்தான்னு நெனைக்கிறேன்.”

வீட்டில் நெட் மொத்தமாகப் போனது. அக்கா திட்டவில்லை. பெட்டி உயிர் பிடித்து எழும்வரை காத்திருந்து, “மறுபடியும்” என்றார். இந்தத் தடவை வள்ளல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அமுக்கினார். நீல விளக்கு படபடத்தது, யோசித்தது, நின்றது. பார்ப்பதற்குக் காலையில் இருந்தது போலவேதான் இருந்தது. ஆனால் லேப்டாப்பில் பிரிண்டரின் பெயர் முளைத்தது.

முதல் தாள் வந்ததும் அக்கா மீதியை நிறுத்தினார். அதன் மூலையில் அளவு பார்ப்பதற்காக வரைந்த கட்டத்தின் மேல் இன்ச் டேப்பை வைத்தார். முடியளவும் சுருங்கவில்லை. “ம்” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அடிக்கவிட்டார். வள்ளல் தரையில் மண்டியிட்டுத் தாள்களை ஒட்டினார். கோட்டின் ஒரு கையைத் தலைகீழாக ஒட்டினார். பிரித்து மறுபடி ஒட்டினார்.

கட்டிங் மாஸ்டர் நேரத்துக்கு வந்து, பேட்டர்னை விரித்துத் தோளிலிருந்து கைவரை விரலால் தடவிப் பார்த்தார்.

“அக்கா, இதை யார் வரைஞ்சது?”

“ஏன், தப்பா?”

“இல்லக்கா. பட்டறைக்கு நீங்களும் வாங்க.”

அக்கா தன் கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலை பட்டறையின் பெரிய மேஜையில், தான் வரைந்த பேட்டர்னை வைத்து, முதல் கோட்டை அவரே வெட்டினார்.