தமிழ் வர்ணனைக்கு ஒரு சோதனையும், உரிமை கேட்டு இரண்டு கடிதங்களும்

"இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது."

போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் லெப்டொப் இப்படித்தான் சொன்னது.

பன்னிரண்டு மணிக்குள் அந்தக் காணொளியைப் பார்த்து, பத்து நிமிடம் தமிழில் வர்ணனை செய்து, பதிவை அனுப்பியாக வேண்டும்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு விளையாட்டுச் சேனல் ஒன்று இலங்கைக்கு வருகிறது. ஐரோப்பியக் கால்பந்து லீக் ஒன்றின் ஒளிபரப்பு உரிமையை நம் நாட்டுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். தமிழிலும் வர்ணனையாம். ஆட்கள் தேவையாம். வீட்டிலிருந்தே செய்யலாமாம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் விண்ணப்பித்தேன்.

ஊடகக் கற்கை படித்து முடித்து நாலு வருடம். மகளுக்கு இரண்டரை வயது, அடிக்கடி இளைப்பு வரும். அவள் மூச்சுச் சத்தம் கேட்காத தூரத்தில் இருந்து என்னால் ஒரு வேலையும் பார்க்க முடியாது. (ஓம், பயந்தாங்கொள்ளிதான். தெரியும்.)

இதுவரை மூன்று வேலைகளை விட்டிருக்கிறேன். இதை விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

உடனே கத்தாருக்கு, கணவருக்கு, வீடியோ கோல் எடுத்தேன்.

"மச்சான், ஒரு லிங்க் அனுப்புறன். அங்க திறக்குதா பாருங்க."

"திறக்குது புள்ள. மேட்ச் ஒண்டு ஓடுது."

"அப்ப உங்கட லெப்டொப்புக்கு நேரா போனப் புடிங்க. ஆடாம புடிங்க."

எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஒருவர் இல்லாத வீடு குறைவு. கல்யாணம், ஜனாஸா அடக்கம், பிள்ளையின் முதல் பல், எல்லாவற்றையும் போனைப் பிடித்துக் காட்டியே பழகிவிட்டோம். இதிலும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

பத்து நிமிடம் அவர் பிடித்தார், நான் பேசினேன். எட்டாவது நிமிடத்தில் கோல் விழுந்தபோது, அவருடைய அறையில் மேல் கட்டிலில் படுத்திருந்தவர் "அடிச்சான்டா!" என்று கத்தியதும் பதிவில் விழுந்துவிட்டது. (சம்மாந்துறைக்காரர். என்னைவிட நல்ல வர்ணனை.)

அனுப்பினேன்.

மறுநாள் சேனலின் கொழும்பு அலுவலகத்திலிருந்து தயாரிப்பாளர் அழைத்தார்.

"குரல் நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும். நம்ம உரிமை அடுத்த மாசம்தான் தொடங்குது, அதுவரைக்கும் இலங்கையில எங்க கிளிப்பே திறக்காது. தலைமை அலுவலகம் அதக் கவனிக்காம அனுப்பிட்டாங்க. மத்தவங்க எல்லாரும் திறக்கலன்னு மெயில் போட்டாங்க. நீங்க மட்டும் எப்படிப் பார்த்தீங்க?"

(மெயில் போட்டிருக்கலாம். சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.)

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"இப்படிப் போனைப் பிடிச்சுக் காட்டுறவங்களைத் தேடிப் பிடிக்கவே எங்ககிட்ட ஒரு டீம் இருக்கு, தெரியுமா?"

"தெரியா மிஸ். களவெண்டு நினைச்சிச் செய்யல்ல."

"நம்புறேன். ஆனா அந்தப் பதிவை நான் மேல அனுப்ப முடியாது."

"அப்ப வேற ஒண்டு செஞ்சி அனுப்பட்டா?"

"எந்த மேட்ச வச்சு?"

"ரெண்டு நாள் தாங்க மிஸ். மேட்ச நான் தேடிக்கிறன்."

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் மைதானம். புதன்கிழமை பின்னேரம் எங்கள் கிளப்புக்கும் மருதமுனைக் கிளப் ஒன்றுக்கும் ஆட்டம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளப் செயலாளரின் கடைக்குப் போனேன். (எங்கள் ஊரில் அண்ணனை 'நானா' என்போம்.)

"நானா, உங்கட மேட்ச வர்ணனையோட வீடியோ எடுக்க எழுத்தில அனுமதி வேணும்."

"எழுத்திலயா? ஊரே மதில்ல ஏறி நிண்டு எடுக்குது. ஒருத்தரும் கேட்டதில்ல."

"அவங்க எடுத்து வச்சிருப்பாங்க. நான் வெளியில அனுப்பப் போறன்."

"எங்கட கோல்கீப்பர் கோட்ட விட்டா அதையும் சொல்லுவியா?"

"விட்டா சொல்லுவன்."

"அப்ப மருதமுனைக்காரங்கள்ட்டயும் கடிதம் வாங்கு. எங்கட மட்டுமில்ல, அவங்கட கோல்கீப்பர் விட்டதையும் சொல்லணும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போனேன். இரண்டு கடிதங்கள், இரண்டு கிளப் முத்திரைகள்.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடி இன்னும் கட்டவில்லை, கொங்கிரீட் தட்டு மட்டும் போட்டிருக்கிறது. அங்கே நின்றால் மைதானம் முழுவதும் தெரியும். பக்கத்தில் உம்மா, உம்மாவின் மடியில் மகள், மகளின் கையில் இன்ஹேலர்.

பத்து நிமிடத்தில் ஒரு கோலும் இல்லை. ஒரு ஆடு மட்டும் இடது பக்கத்தால் உள்ளே வந்தது. அதையும் வர்ணித்தேன்.

பதிவையும் இரண்டு கடிதங்களையும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் அழைத்தார்.

"உங்க கடிதங்களை லீகல்ல காட்டினேன். சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டையும் ஃபைல்ல போட்டுட்டாங்க. ஒப்பந்தம் வரும், நல்லா வாசிச்சுட்டு சைன் பண்ணுங்க."

இன்று வந்தது. எட்டுப் பக்கம். வரி விடாமல் வாசித்தேன். என் குரல் ஒலிபரப்பாகும் நாடுகள்: இலங்கை, மாலைதீவு. அவ்வளவுதான்.

தயாரிப்பாளரை அழைத்தேன். "மிஸ், கத்தார் இல்லையே? அண்டைக்கு அங்க திறந்திச்சே?"

"அங்க நம்மகிட்ட இருக்கிறது அரபும் இங்கிலீஷும்தான். தமிழ் உரிமை வேற ஒருத்தர்கிட்ட."

கணவரிடம் சொன்னேன்.

"அப்ப ஊரே கேட்கும், எனக்கு மட்டும் கேட்கா."

"ஓம்."

"பரவாயில்ல, நீ ஒப்பத்த வை புள்ள. நான் அரபில பார்க்கிறன்."

"அரபு வெளங்குமா?"

"ஆரு அடிச்சான் எண்டு வெளங்கும்."

கையெழுத்து வைத்துவிட்டேன்.

முதல் ஆட்டம் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. இலங்கையில் இருப்பவர்கள் கேளுங்கள். பிழை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நன்றாக இருந்தால் கத்தாரில் இருக்கும் அவருக்குச் சொல்லுங்கள். கீழே அவர் பெயரை டெக் பண்ணியிருக்கிறேன்.