பசறை ஏற்றத்தில் வழுக்கிய கிளட்ச்

பதுளையில் ஒரு கார் நிறுவனத்தின் சர்வீஸ் கவுண்டரில் எனக்கு வேலை. எஞ்சினின் பலத்தைக் கூட்டி டியூன் செய்திருந்தால் வாரண்டி செல்லாது. அதனால் வருகிற எல்லாரிடமும், "எஞ்சின்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்பேன். எல்லாரும் இல்லை என்பார்கள். மாற்றியவர்கள் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள்.

ஒருநாள் ஒரு புடவைக்கடை முதலாளியம்மா சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, காலில் செருப்பில்லை. பெடல் காலுக்குத் தெரிய வேண்டும் என்று வெறுங்காலோடுதான் ஓட்டுவாராம்.

"கிளட்ச் வழுக்குது தம்பி. எஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது. டியூன் பண்ணியிருக்கேன். அதையும் எழுதிக்கங்க."

இப்படித் தானாக மாட்டிக்கொள்கிறாரே என்று எனக்குப் பதறியது. குரலைத் தாழ்த்தி, "பழைய செட்டிங்கப் போட்டுட்டு அடுத்த வாரம் வாங்கம்மா. நீங்க சொன்னது என் காதுல விழல. வாரண்டியிலேயே மாத்திரலாம்" என்றேன்.

அவர் சிரித்தார்.

"பசறை ஏத்தத்துல இத்தன வருஷமா பஸ் புகையக் குடிச்சுக்கிட்டே பின்னால போனேன். இப்பதான் முந்துறேன். அத நான் பண்ணலைன்னு சொல்லணுமா? இந்த எஞ்சினத் தாங்குற கிளட்ச்சா பார்த்துப் போடுங்க. செலவு என்னோடது."

வாரண்டி கிடையாது என்ற தாளில் பரிசு வாங்குகிறவர் போலக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

இன்றும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வந்தவரின் கால்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் செருப்போடுதான் வருகிறார்கள்.