சிவப்பு அட்டையும் சொட்டு மருந்தும்

பிள்ளைகளே, உங்கள் அக்கா தொட்டிலால் விழுந்துதான் கால் சூம்பியது என்று இத்தனை காலமும் சொல்லி வந்தேன். அது பொய். அவள் விழவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்; எழுத்து கோணலாக இருந்தாலும் உண்மையை எழுதிவிடுகிறேன்.

அப்போது கொழும்புத்துறையில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சங்கக்கடையில் பங்கீட்டு அரிசி நிறுத்துக் கொடுக்கும் வேலை. கூட்டுறவுக்காரர் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் மாதச் சந்தா கட்டி அங்கத்தவனாகியிருந்தேன். சிவப்பு அட்டை ஒன்று தந்தார்கள். காய்ச்சல், வருத்தம் என்று வந்தால் அதைக் காட்டினால் போதும். கட்டில், மருந்து, டொக்டர் எல்லாம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் பங்கீட்டு அரிசிக்கு என் முன்னால் வந்து நிற்கும் சனங்களோடு நானும் ஒரே வரிசையில் நிற்பதா என்ற எண்ணம். அட்டையைச் சாமிப்படத்தடியில் வைத்திருந்தேன்.

அந்த வருடம் வாசிகசாலையில் இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மருத்துவிச்சி அம்மா வீடு வீடாக வந்து சொன்னார். அது அட்டை இல்லாத ஆட்களுக்குத்தான் என்று நினைத்தேன். நினைத்ததை அவரிடம் சொல்லியும்விட்டேன்.

"அப்ப வருத்தம் வாற நேரம் அட்டையைக் கரைச்சுப் பருக்கப் போறியளோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போனார்.

பக்கத்து வீட்டில் ஒரு மீன்பிடிக் குடும்பம். அந்த வீட்டுக்காரி தன் நான்கு பிள்ளைகளோடும் புறப்பட்டு, வேலியால் எட்டி, அக்காவையும் கொண்டுபோய் மருந்து பருக்கி வருவதாகச் சொன்னாள். உங்கள் அம்மா பிள்ளைக்குச் சட்டையும் மாற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன்.

சில மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வலது கால் அசையவில்லை. அட்டையோடு காரில் ஓடினேன். குறை சொல்ல முடியாது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், நாளுக்கு இரண்டு தரம் டொக்டர். சொட்டு மருந்து கொடுத்ததா என்று ஒன்றுதான் அவர் கேட்டார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வருத்தம் வந்த பிறகு படுக்க இடம் தருவதுதான் அந்த அட்டை. வராமல் பார்ப்பதை வாசிகசாலையில் சும்மா கொடுத்தார்கள். இரண்டையும் வைத்திருக்க என்னை யாரும் தடுக்கவில்லை. பிறகு நடந்த ஆஸ்பத்திரி அங்கத்தவர் கூட்டத்தில் இன்னொரு வார்ட் கட்டுவதைப் பற்றியே கதைத்தார்கள். சொட்டு மருந்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் வார்ட்டுக்குக் கை உயர்த்திவிட்டு வந்தேன்.

கடைக்குட்டித் தம்பிக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் நாள் வந்தது. நான் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. யார் சொன்னார்களோ, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நீங்கள் நில்லுங்கோ, அப்பா. நான் கொண்டு போறன்."

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலில் மாட்டிய இரும்பு தார் ரோட்டில் தட்டத் தட்ட நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று களைப்பாறினாள். படலையில் நின்ற என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.